பின்சிறகின் அடியைக் காட்டுங்கள்: ஃப்ரிட்டிலரி கேள்வி பதில்

ஜூன் பிறந்துவிட்டால் போதும், இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளி வைத்த ஃப்ரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிப் படங்களாக எனக்கு அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். இந்த வாரம் வந்தவற்றில் சில.

கே: அக்கா, மோர்கம் வளைகுடாப் பக்கம் சுண்ணாம்புப் பாறை மேட்டில் எடுத்தேன். இது டார்க் கிரீன் ஃப்ரிட்டிலரியா, ஹை பிரவுன் ஃப்ரிட்டிலரியா?

தம்பி, நான்கு படத்திலும் சிறகு விரிந்தே இருக்கிறது. மேல்பக்கத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பறக்கும்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பின்சிறகின் அடிப்பக்கம் வேண்டும். வெள்ளிப் புள்ளிகள் இரண்டுக்கும் உண்டு. ஓரத்து வெள்ளி வரிசைக்குச் சற்று உள்ளே செம்பழுப்புப் புள்ளிகள் ஒரு வரிசையாக இருந்து, அவற்றின் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளி மின்னினால் ஹை பிரவுன். அந்த வரிசை இல்லாமல், பாசி படர்ந்ததுபோல் பச்சை தெரிந்தால் டார்க் கிரீன்.

ஹை பிரவுன் இப்போது அங்கேயும் டார்ட்மூர், எக்ஸ்மூர், தெற்கு வேல்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது. தயவுசெய்து இன்னொரு முறை போய் வாருங்கள்.

கே: சிறகை மூடவே மாட்டேன் என்கிறதே!

இளவெயிலில் உடம்பைச் சூடேற்றத்தான் விரித்து உட்காரும். நல்ல வெயிலில் திசில் பூவிலோ பிளாக்பெர்ரிப் பூவிலோ தேன் குடிக்கும்போது மூடும், மாலையில் அடங்கும்போதும் மூடும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், குனிந்து மெதுவாகப் போங்கள். கேமராவைச் சிறகுக்கு நேர் இணையாகப் பிடித்தால் சிறகு முழுவதும் தெளிவாக விழும். லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் நொடியில் 500-ல் ஒரு பங்கு, இதிலிருந்து தொடங்கலாம். போன்தான் இருக்கிறதா? வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியை வெட்டி எடுங்கள், அடையாளம் காண அது போதும்.

கே: நியூ ஃபாரஸ்ட்டில் பச்சையும் சாம்பலுமாக ஒன்று. புது இனமா?

இல்லை, சில்வர் வாஷ்ட் ஃப்ரிட்டிலரியின் பெண். பெண்களில் சில மட்டும் இந்த நிறத்தில் வரும். 'வலெசினா' என்பார்கள். இதிலும் அடிப்பக்கம்தான் சாட்சி: வெள்ளி புள்ளி புள்ளியாக இல்லாமல் தூரிகையால் இழுத்ததுபோல் கோடுகோடாக இருக்கும்.

அடுத்த முறை அது பூவை விட்டு நிழலுக்குள் போனால் பின்னாலேயே போங்கள். நான் ஒருமுறை போனேன். தரையோடு தரையாகப் பறந்து வயலட் செடிகளைத் தேடியது. பிறகு பக்கத்து ஓக் மரத்தில் ஏறி, வயிற்று நுனியை வளைத்துப் பட்டை வெடிப்புக்குள் முட்டை வைத்தது. இலையில் வைக்கவில்லை! பொரிக்கும் புழு முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு அந்த வெடிப்பிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில்தான் இறங்கி வந்து வயலட் இலையைத் தின்னும்.

கே: பிடித்து ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் அசையாது என்கிறார்களே?

வேண்டாம். உயிரை வதைத்து எடுக்கும் படம் நமக்கு வேண்டாம். ஹை பிரவுனைப் பிடிப்பது பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

கே: சென்னையில் அம்மா வீட்டுத் தோட்டத்தில் எடுத்தது. ஃப்ரிட்டிலரிதானே?

இல்லை, அது காமன் லெப்பர்ட் என்ற வேறு வண்ணத்துப்பூச்சி. அடியில் வெள்ளியே இல்லை, பாருங்கள். நம் பக்கத்து ஃப்ரிட்டிலரி வேண்டுமென்றால் நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏற வேண்டும். அங்கேயும் புழுவுக்கு வயலட் இலைதான் சாப்பாடு.