பச்சை பிடித்த காடும் பட்டிக்குள் நிற்கும் ஆடும்

அன்புள்ள அக்காவுக்கு,

கொறங்காடு என்கிற கொங்குப் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஐப்பசி பிறந்துவிட்டால் காலை பத்து மணி வரைக்கும் வெள்ளாடுகளைப் பட்டியை விட்டு வெளியே விடமாட்டேன் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற நிலம் பச்சை பிடிப்பதே அந்த இரண்டு மாதம்தான். அப்போது போய் ஆட்டை அடைத்துவைப்பது கொடுமை இல்லையா?

இன்னொன்று. ஊரில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, கிணற்றில் தண்ணீரும் உண்டு. கார்த்திகையில் ஆடு விலை இறங்கும் என்கிறார்கள். இப்போதே பத்து உருப்படி வாங்கி விடலாமா?

ஒரு வாசகர், தாம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆடு கத்துவதை நினைத்தாலே உங்களுக்கு மனசு கேட்கவில்லை. ஆடு வளர்க்கிறவருக்கு அந்த மனசு வேண்டும். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் வெள்ளாட்டுக்கு வருகிற ஆபத்தில் பெரும்பகுதி அந்தப் பச்சைக்குள்தான் இருக்கிறது.

முதலில் புழு. ஆட்டின் நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு ஒன்று உண்டு. பெட்டைப் புழு ஒன்றே ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, ஈரமும் இதமான சூடும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் ஆட்டைத் தொற்றுகிற பருவத்துக்கு வந்துவிடும். கோடையில் வெயிலே அதைக் கொன்றுவிடும். ஐப்பசியில் அந்த வெயில் கிடையாது. புல்லின் மேல் பனியும் மழைநீரும் படிந்திருக்கும்போது, குஞ்சுப்புழு அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தாளில் ஏறும். விடியற்காலையில் அவிழ்த்துவிட்டால் ஆடு புல்லோடு சேர்த்து அதையும் விழுங்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் கீழே இறங்கிவிடும். பத்து மணிக் கணக்கு இதற்குத்தான். மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாளில் அது பன்னிரண்டும் ஆகும்.

இதில் செம்மறியை விட வெள்ளாடு பாவப்பட்டது. வெள்ளாடு புல் மேயப் பிறந்த ஜீவன் இல்லை. முன்னங்காலை மரத்தில் ஊன்றித் தலையைத் தூக்கித் தழை கடிக்கப் பிறந்தது. புழு ஏறாத உயரத்தில் தின்றே பழகியதால், செம்மறி அளவுக்குப் புழுவைத் தாங்கும் சக்தி அதன் உடம்பில் வளரவில்லை. அதனால் அடைத்துவைக்கிற நேரத்திலும் பட்டினி போடுவதில்லை. விடிந்ததும் தொரட்டியை எடுத்துக்கொண்டு போய் அகத்தி, வேம்பு, சவுண்டல், வேலிக் கிளுவை என்று கிடைக்கிற தழையை ஒடித்துவந்து, தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறேன். ஈரத் தழையாக இருந்தால் முதலில் உதறிக் கொட்டகைக்குள் உலர்த்த வேண்டும். மழை நாளில் இதுவே ஒரு பெரிய வேலை.

தழைக்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டுக்கும் கொஞ்சம் காய்ந்த தீனி போட்டாக வேண்டும். கடலைக்கொடி இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் சோளத்தட்டு. துள்ளுமாரி என்கிற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை உண்டாக்குகிற கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. காய்ந்ததையே தின்ற ஆடு திடீரென்று இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் அது ஒரேயடியாகப் பெருகி விஷத்தைக் கக்கும். ராத்திரி நன்றாக இருந்த குட்டி காலையில் கால் விறைத்துக் கிடக்கும். நோஞ்சான் குட்டி தப்பிவிடும், கொழுகொழுவென்று முதலில் ஓடிப்போய் மேய்கிற குட்டிதான் போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தாலும் வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விடக்கூடாது.

பட்டி வேலை தனி. ராத்திரிப் புழுக்கையைக் கூட்டி வாரி, நனைந்த இடத்தில் சுண்ணாம்புத்தூள் தூவ வேண்டும். தரை ஈரமாகவே இருந்தால் குளம்பு இடுக்கு அழுகும். ஆடு நொண்ட ஆரம்பித்தால் குளம்பைச் சீவி, மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் காலை நிறுத்தி எடுக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் பரண் போட்டுக்கொள்கிறார்கள். பலகைச் சந்து வழியாகப் புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த தரையில் படுக்கும். என்னிடம் மண்தரைதான். அதை நன்றாக மேடாக்கி, சாரல் அடிக்கிற பக்கம் படல் கட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அடைக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழ்இமையை இழுத்துப் பார்ப்பேன். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால் புழு ரத்தத்தைக் குடிக்கிறது. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை ஒன்றை உண்டாக்கினார்கள், இமையை அதோடு ஒத்துப் பார்த்து மருந்து வேண்டுமா என்று முடிவு செய்ய. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. மந்தை முழுவதற்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும், அப்புறம் எதை ஊற்றினாலும் கேட்காது. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

ஈற்று விழுந்தால் அன்று தூக்கம் இல்லை. ஈரக் குட்டியைச் சாக்கால் துடைத்து, தொப்புளில் அயோடின் வைத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைத்துவிட வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது இறங்க வேண்டும். வெள்ளாட்டுக்குச் சினை ஐந்து மாதம். ஆனியில் கிடாய் சேர்ந்தால் கார்த்திகைக் குளிரில் குட்டி விழும். ஆவணியில் சேர்த்தால் தையில் விழும், மழையும் ஓய்ந்திருக்கும், காட்டில் தழையும் மிச்சம் இருக்கும். அதனால் ஆனி ஆடியில் கிடாயைத் தனியாகக் கட்டிவிடுவேன். அப்படியும் ஒன்றிரண்டு தப்பிப் போய்விடும்.

இனி நீங்கள் கேட்ட விலை. புரட்டாசியில் பலர் கறி தின்பதில்லை, தீபாவளிக்கு விலை ஏறும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் மறுபடி இறங்கும். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் மழையில் காப்பாற்ற முடியாமல் தள்ளிவிடுகிற ஆடும் அதே சந்தைக்குத்தான் வருகிறது. நனைந்து, வண்டியில் நெரிபட்டு, பல ஊர் ஆட்டோடு மூக்கை உரசி வரும். ஆட்டுக்கொல்லி நோய் மூச்சிலும் சளியிலும் பரவுவது. பழகாத கையில் பத்து உருப்படி, சேற்றுத் தரை, இருமுகிற ஆடு. இது வேண்டாம் தம்பி.

தை பிறந்து, மழை நின்று, தரை காய்ந்த பிறகு வாங்குங்கள். முடிந்தால் சந்தையில் வாங்காமல் ஒரே பட்டியிலிருந்து வாங்குங்கள். பத்து வேண்டாம், நாலு பெட்டை போதும். இமையைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், வாலடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரம் தனியாக வைத்திருந்து, கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லிக்கு ஊசி போட்டுவிடுங்கள். ஒரு முறை போட்டால் மூன்று வருஷத்துக்குத் தாங்கும்.

இந்த மழையை வீணாக்காமல் இப்போதே செய்ய வேண்டியது தீவனம். வேலி ஓரமாக அகத்தியும் சவுண்டலும் நடுங்கள், ஒரு பாத்தியில் வேலிமசால் விதையுங்கள். வேலிமசால் விதைக்குத் தோல் கெட்டி. சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். மூன்று மாதத்தில் முதல் அறுப்புக்கு வந்துவிடும். ஆடு வந்து இறங்கும்போது தழை தயாராக இருக்கும்.

அன்புடன்,
அக்கா