பள்ளி கட்டும் ஒப்பந்தக்காரர் பாதியில் திவாலானால் நட்டம் யாருக்கு?

அரசும் தனியாரும் கூட்டாகப் பள்ளி கட்டும் திட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் எங்கிருந்தோ பணம் வர வேண்டியிருக்கிறது போலும். இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

இங்கிலாந்தின் பி.எஃப்.ஐ. (தனியார் பணத்தில் அரசுக் கட்டடம் கட்டும்) முறையில், பள்ளிக்கென்றே தொடங்கிய நிறுவனம் கடன் வாங்கிக் கட்டி, 25, 30 ஆண்டுகள் பராமரித்து, உள்ளூராட்சியான கவுன்சிலிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கும். கட்டுபவர் அதன் ஒப்பந்தக்காரர். அவர் விழுந்தால் வேறு ஆளைத் தேடுவது அந்த நிறுவனத்தின் பாடு. கட்டடம் தயாராகும்வரை கவுன்சில் பொதுவாகக் கட்டணம் தராது. தாளில் எல்லாம் சரிதான்.

நான் மின்வேலை செய்பவன். ஒப்பந்தக்காரரிடம் வேலை எடுத்தவரிடம் வேலை எடுத்தவன். ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேட்டில் புதுச் சங்கிலி. என் டிரில் மெஷினும் ஏணியும் உள்ளே. கம்பி வலை வழியாக, மஞ்சள் பெயிண்டில் நானே எழுதிய என் பெயர் தெரிகிறது. காவலர் பில் கேட்டார். பதினொரு வருடத்து ஏணிக்கு யார் பில் வைத்திருப்பார்கள்?

ஏணி ஆறு வாரத்தில் வந்தது. பணம் வரவில்லை. நிலுவையோடு, வேலையில் குறை வந்தால் என்று ஒவ்வொரு பில்லிலும் பிடித்துவைத்த 5 சதவீதமும் போயிற்று. அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குப் பிறகுதான் எங்கள் முறை. "எழுதி வாங்கியிருக்க வேண்டும்" என்று சொல்ல வருபவர்களுக்கு: எழுத்தில்தான் இருந்தது.

நான் சொல்வது ஒரு சிறிய நிறுவனம், பெயர் வேண்டாம். 2018 ஜனவரி 15 அன்று விழுந்த கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் எவ்வளவு பெரியது! கடன்பொறுப்பு கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு, கையில் 2.9 கோடி. ஆக்ஸ்போர்ட்ஷயரில் அந்த நிறுவனம் கொடுத்துவந்த பள்ளி மதிய உணவைக் கொண்டுபோகத் தீயணைப்புப் படையையே ஆயத்தமாக வைத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு யாரும் எதையும் ஆயத்தமாக வைக்கவில்லை. அந்த அக்டோபரில் நிதியமைச்சர் பிலிப் ஹமண்ட், இனிப் புதிய பி.எஃப்.ஐ. ஒப்பந்தம் கிடையாது என்றார். பழையவை ஓடுகின்றன.

நான் பாதியில் விட்ட பள்ளியும் வேறொருவர் கையால் முடிந்து திறந்தது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மண்டபம் கேட்டோம். தலைமையாசிரியைக்கு முழுச் சம்மதம், ஆனால் சாவி பராமரிப்பு நிறுவனத்திடம். மணிக்கு இவ்வளவு வாடகை, கதவு திறப்பவருக்குத் தனியாக. நான் வயர் இழுத்த மண்டபத்துக்கு நானே காசு கட்டுகிறேன். மேடைப் பக்கம் மூன்றாவது விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அது எனக்குப் பிறகு வந்தவர் வேலை.