மட்டராஸி என்றால் ஜிடேனிடம் முட்டு வாங்கியவர் மட்டும்தானா?

கேள்வி: 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் கேப்டன் ஜிடேனிடம் மார்பில் முட்டு வாங்கியதைத் தவிர மார்கோ மட்டராஸி என்ன சாதித்திருக்கிறார்? கோச்சாக எப்படி?

அந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் அவர். பெனால்டி ஷூட் அவுட்டில் இரண்டாவதாக வந்து பந்தை உள்ளே தள்ளியவரும் அவர்தான். கேள்விக்கு இதுவே போதும். ஆனால் 2014இலும் 2015இலும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து, அவர் கோச்சாக இருந்த சென்னையின் எஃப்சி அணியைப் பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மட்டராஸி 1973இல் லெச்சேயில் பிறந்தவர். அப்பா ஜுசெப்பே மட்டராஸியும் கோச்தான், ரோமின் லாட்ஸியோ கிளப்புக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவர். அப்பா இந்தத் துறையில் இருந்தால் பையனுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்திருக்கும் என்று தோன்றும். அவருக்கு அப்படி நடக்கவில்லை. அம்மாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். இருபது வயதில் சிசிலியில் மர்சாலா, அப்புறம் டிராபனி என்று கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தார். 1995இல் பெருஜா கிளப் எடுத்தது. அங்கேயும் நிலைக்கவிடாமல் கார்ப்பிக்கு லோனில் அனுப்பினார்கள். 1998இல் இங்கிலாந்தின் எவர்ட்டனுக்குப் போனார். ஒரே சீசனில் மூன்று சிவப்பு அட்டை வாங்கித் திரும்பி வந்தார். அவர் வயதில் மற்றவர்கள் தேசிய அணியில் இருந்தார்கள்.

திரும்பிய பெருஜாவில்தான் அவர் யாரென்று ஊருக்குத் தெரிந்தது. 2000-01 சீசனில் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏவில் 12 கோல். டிஃபென்டர், அதாவது தடுப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஒரே சீசனில் அவ்வளவு அடித்தது அதுவரை கிடையாது. அர்ஜென்டினாவின் பசரெல்லா வைத்திருந்த 11 கோல் சாதனையை அவர் முறியடித்தார். உடனே இன்டர் மிலான் வாங்கியது. பத்து வருடம் அங்கேதான்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்குக் காட்டியது அங்கே நடந்த ஒரு தோல்வி. 2002 மே 5. கடைசி ஆட்டத்தில் லாட்ஸியோவை வென்றால் இன்டருக்குப் பட்டம். 4-2 என்று தோற்றார்கள். மட்டராஸி லாட்ஸியோ ஆட்டக்காரர்களைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னது: உங்களுக்கு ஒரு பட்டத்தை நான் ஜெயித்துக் கொடுத்தேனே! அவர் சொன்னது உண்மை. அதற்கு இரண்டு வருடம் முன்னால், லீக்கின் கடைசி நாளில், கொட்டும் மழையில் ஜுவென்டஸை 1-0 என்று பெருஜா தோற்கடித்தது. அதனால்தான் அந்த வருடப் பட்டம் லாட்ஸியோவுக்குப் போனது. அந்தப் பெருஜா அணியில் இவர் இருந்தார். மறைக்காமல் அழுகிற, மறைக்காமல் கோபப்படுகிற ஆள்.

2006க்கு வருவோம். அந்த உலகக் கோப்பைக்கு அவர் போனது மாற்று ஆட்டக்காரராக. கன்னவாரோவும் நெஸ்டாவும் இருக்கும்போது வேறு யாருக்கு இடம்? செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் 17ஆவது நிமிடம் நெஸ்டா காயம்பட்டு வெளியேற, இவர் இறங்கினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, டோட்டி எடுத்த கார்னரைத் தலையால் கோலாக்கினார். ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை. அதனால் காலிறுதியில் உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் பெர்லினில் பிரான்ஸுடன் இறுதி ஆட்டம், ஜூலை 9. ஏழாவது நிமிடத்திலேயே இவர் மலூடாவைத் தடுத்ததற்குப் பெனால்டி கொடுத்தார்கள், ஜிடேன் கோல் அடித்தார். 19ஆவது நிமிடம் பிர்லோவின் கார்னருக்கு வியேராவின் தலைக்கு மேலே எழும்பி இவரே அதைச் சமன் செய்தார். 110ஆவது நிமிடத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஜிடேனின் சகோதரியைப் பற்றித் தப்பாகப் பேசியதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அம்மாவைச் சொல்லவில்லை என்றார். எப்படியிருந்தாலும் பேசியது தப்புதான், ஃபிஃபா அதற்கு இரண்டு ஆட்டம் தடையும் விதித்தது. ஆனால் முட்டு வாங்கி விழுந்தவர் எழுந்து, அந்த இரைச்சலுக்கு நடுவே பெனால்டி எடுக்க நடந்து வந்தாரே, அதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். இத்தாலிக்காக 41 ஆட்டங்களில் அவர் அடித்தது மொத்தம் இரண்டே கோல். இரண்டும் அந்த உலகக் கோப்பையில்.

இன்டரோடு ஐந்து லீக் பட்டங்கள், 2010இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக். மாட்ரிட்டில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கடைசி ஓரிரு நிமிடத்துக்கு இறங்கினார். ஆட்டம் முடிந்த பிறகு ஸ்டேடியத்துக்கு வெளியே, அணியை விட்டுப் போகிற கோச் மொரீன்யோ காரை நிறுத்தி இறங்கி வந்து இவரைக் கட்டிக்கொண்டு அழுத வீடியோ இணையத்தில் இருக்கிறது. தேடிப் பாருங்கள். கோச்சுக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே இப்படியும் ஒரு பிணைப்பு இருக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

2011இல் இன்டரை விட்டார். மூன்று வருடம் கழித்து, 41 வயதில், சென்னையின் எஃப்சிக்கு ஆட்டக்காரர், கோச் இரண்டுமாக வந்து இறங்கினார். இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் சீசன் அது. பிரேசிலின் எலானோ எட்டு கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார், அணி 23 புள்ளியோடு லீக் சுற்றில் முதலிடம். சீசன் கடைசியில் நெஸ்டாவும் வந்து சேர்ந்தார். யாருடைய காயத்தால் மட்டராஸிக்கு உலகக் கோப்பையில் இடம் கிடைத்ததோ அதே நெஸ்டா, எட்டு வருடம் கழித்து மட்டராஸியின் அணிக்காகச் சென்னையில்!

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 என்று தோற்றோம். டிசம்பர் 16 சென்னையில் இரண்டாவது ஆட்டம். அண்ணன்தான் டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனான். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் ஆட்டம் முழுக்க 'மதராசி, மதராசி' என்றே கத்திக்கொண்டிருந்தார். பெயர் அப்படி நம் ஊர்ப் பெயர் மாதிரியே ஒலிப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சில்வெஸ்டர் ஒன்று போட்டார். இரண்டாவது, கேரளாக்காரர்களே தங்கள் கோலுக்குள் அனுப்பியது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஜெஜே மூன்றாவதைப் போட்டார். இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3! தெரியாதவர்கள்கூட ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடம், கேரளாவின் பியர்சன் கோல் அடித்தார். அதுவரை நிற்காத டிரம் சட்டென்று நின்றது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வீடு வந்து சேரும்வரை நானும் அண்ணனும் பேசவில்லை.

2015 இன்னும் மோசமாகத் தொடங்கியது. பத்து ஆட்டம் முடிந்தபோது பத்தே புள்ளி, எட்டு அணிகளில் கடைசி. அவரை அனுப்பிவிட வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலிருந்து மிச்சமிருந்த நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடத்துக்கு வந்தார்கள். அப்போதுதான் வெள்ளம். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேக்கு மாற்றினார்கள். யாரோ ஊரில், யாரோ வீட்டு மைதானத்தில், கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது சென்னை. கொல்கத்தா போய் 2-1 என்று தோற்றாலும் முன்னிலை காப்பாற்றியது.

டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். எங்கள் டிவி தண்ணீரில் போய்விட்டதால் மாடி வீட்டு அக்கா வீட்டில் பார்த்தோம். கீழே எங்கள் சுவரில் சேற்றுக்கோடு இன்னும் காயவில்லை, பினாயில் வாடை மாடிவரை வந்தது. 87ஆவது நிமிடம் கோவாவின் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் அடிக்க, கோவாவுக்கு 2-1. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 90ஆவது நிமிடம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கைதவறித் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டார். அண்ணன் "அக்கா, வாங்க வாங்க!" என்று அலறினான். அவர் கரண்டியோடு வந்து நிற்கவும் மென்டோசா மூன்றாவதைப் போடவும் சரியாக இருந்தது. 3-2, சாம்பியன். அந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கோச்சாக அவரை எடை போடச் சொன்னால், பெரிய வியூக நிபுணர் என்று சொல்ல மாட்டேன். மென்டோசாவின் ஓட்டத்தை நம்பி, முன்னால் இடம் விட்டு, வேகமாகத் திருப்பித் தாக்குவதுதான் அவர் பாணி. மென்டோசா 2015 சீசனில் 13 கோல். 2016இல் மென்டோசாவும் இல்லை, எலானோவும் இல்லை, அணி ஏழாம் இடத்தில் முடிந்தது. 2017 மார்ச்சில் விலகினார். ஆனால் கடைசி இடத்தில் கிடக்கிற அணியை நம்பிக்கை இழக்காமல் வைத்திருப்பதும் கோச்சின் வேலைதான். இருபது வயதில் மர்சாலாவில் ஆடியவருக்கு அந்த நிலை புதிதல்ல. அதனால்தான் அவரால் முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர் கண் நல்ல கண். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த 2015 அணியில் இருந்தார். 2018இல் ஜான் கிரெகரியின் பயிற்சியில் சென்னை இரண்டாவது முறை பட்டம் வென்றபோதும் நடுக்களத்தில் அவர் இருந்தார். பெங்களூருவை 3-2 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு மைல்சன் இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. இரண்டு பேருமே 2015இல் மட்டராஸியின் அணிக்கு ஆட வந்தவர்கள்.