ஆபீஸில் எதை மெயிலில் அனுப்புவது, எதை வாட்ஸ்அப்பில் போடுவது, எப்போது போன் செய்வது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஐரோப்பாவில் இருந்து நம் சரக்கை வாங்கும் பையருக்கும், இங்கே டையிங், பிரிண்டிங், கட்டிங் என்று ஊர் முழுக்கப் பிரிந்து கிடக்கும் ஆட்களுக்கும் நடுவில் செய்தி கடத்துவதுதான் என் வேலையில் பாதி.

பெரும்பாலும் அவசரமா இல்லையா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. மூன்று மாதம் கழித்து இதை யாராவது தேடுவார்களா? தேடுவார்கள் என்றால் மெயில்தான். அளவு மாற்றம், விலை, ஷிப்மென்ட் தேதி, பையர் கொடுத்த அப்ரூவல் எல்லாம் இந்த வகை. சப்ஜெக்டில் ஆர்டர் எண், ஸ்டைல் எண் கட்டாயம் வேண்டும். வெறும் 'அர்ஜென்ட்' என்று போட்ட மெயிலை அப்புறம் கடவுளே வந்தாலும் தேடி எடுக்க முடியாது. ஒரே மெயிலில் இரண்டு ஆர்டரைப் பற்றிக் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி கிளம்பியதா, துணி வந்து இறங்கியதா போன்ற இன்றோடு முடிகிற விஷயங்களுக்கு வாட்ஸ்அப் போதும். அங்கே போட்டதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல் வரை எல்லோருக்குமே அழித்துவிடலாம். அதை நம்பி யாராவது கட்டிங் டேபிளில் துணியை விரிப்பார்களா? வாய்ஸ் நோட் இன்னும் மோசம். மெஷின் சத்தத்தில் ஏழு எட்டாகக் கேட்கும்.

நிறம் என்று வந்துவிட்டால் மெயிலும் உதவாது, வாட்ஸ்அப்பும் உதவாது. ஒரே நீலம் ஒவ்வொரு போன் திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். அது போகட்டும், துணியே பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரி, கடை விளக்கில் இன்னொரு மாதிரி தெரியும். அதனால்தான் லேப் டிப்பை, அதாவது நிறம் சரியா என்று பார்க்க முதலில் சாயம் போட்டுக் காட்டும் துணித்துண்டை, லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம் மாதிரி), டிஎல்84 (கடை விளக்கு மாதிரி) என்று வெவ்வேறு விளக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். கூரியர் கவரில் துணித்துண்டு போய்ச் சேரும்வரை பொறுத்துத்தான் ஆகவேண்டும். போட்டோவைப் பார்த்து 'ஓகே' சொல்லும் பையருக்கும் நான் துண்டை அனுப்பிவிட்டுத்தான் டையிங்குக்குச் சொல்வேன்.

கெட்ட செய்திக்கு முதலில் போன். சரக்கு தாமதமாகும் என்பதை பையர் மெயிலில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அவர்கள் ஒன்பது மணிக்கு ஆபீஸ் வரும்போது இங்கே சாப்பாட்டு நேரம். பேசி முடித்ததும் 'போனில் பேசியபடி' என்று தொடங்கி அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிட வேண்டும். டையிங்காரரிடம் தேதிக்காகக் கெஞ்சுவதற்கு போன்கூடப் போதாது, நேரில் போய் உட்கார வேண்டும். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். குரூப்பில் திட்டு வாங்கியவர் அதற்கப்புறம் உங்களிடம் எந்தப் பிரச்சினையையும் சொல்ல மாட்டார்.

சில முதலாளிகள் எதையும் எழுத்தில் தரவே மாட்டார்கள், எல்லாம் வாய்மொழிதான். 'எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்: "நீங்க சொன்னபடியே 200 பீஸ் சேர்த்து வெட்டச் சொல்லிட்டனுங்க சார்." பதில் வராது. வராவிட்டால் என்ன, தேதியும் நேரமும் அதில் பதிந்திருக்கும்.