ரூஜ் ஆலையை வரைந்த இருவர் – கடிதம்

வணக்கம்.

கோவையில் ஒரு பவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஓவியத்திலும் திரைப்படத்திலும் நான் பார்த்தவரை, இயந்திரம் மனிதனை விழுங்கும் பூதமாகவே வருகிறது. ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் சாப்ளின் பற்சக்கரங்களுக்குள் போய்விடுகிறாரே, அதைப் போல. எங்கள் அனுபவம் அப்படியன்று. பழுதின்றி ஓடும் இயந்திரத்தின் அருகில் நிற்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அது ஏன் கலைக்குள் வருவதில்லை? ஆலைக்குள் கால் வைக்காமலேயே இவர்கள் அஞ்சுகிறார்களா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

இயந்திரத்தைப் பூதமாகக் காட்டும் மரபு இருப்பது உண்மை. அதை ஏறத்தாழ வழிபட்ட மரபும் உண்டு. சீறிப் பாயும் மோட்டார் கார் பண்டைய கிரேக்கச் சிற்பத்தைவிட அழகானது என்று இத்தாலியக் கவிஞர் மரினெட்டி 1909இல் அறிக்கையே வெளியிட்டார். அந்த ஆரவாரம் எனக்கு உவப்பானதன்று என்பதால் அவரை இத்துடன் விட்டுவிடுகிறேன். ஆலைக்குள் சென்று நின்று பார்த்து வரைந்த இருவரைப் பற்றிச் சொல்வதே உங்கள் கேள்விக்கு நேரான பதிலாக இருக்கும். இருவரும் பார்த்தது ஒரே ஆலை. அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய டியர்பார்னில் உள்ள ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலை அது. இரும்புத் தாதுவும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்க, அதே வளாகத்திலிருந்து முழுக் காராக வெளியேறும் என்பது அதன் பெருமை.

முதலாமவர் அமெரிக்க ஓவியரும் புகைப்படக் கலைஞருமான சார்லஸ் ஷீலர். ஒரு விளம்பர நிறுவனத்தின் ஏற்பாட்டில் 1927இல் அங்கே சென்று புகைப்படங்கள் எடுத்தார். பிறகு அவற்றின் துணையோடு ஓவியங்களும் வரைந்தார். குறுக்கும் நெடுக்குமான கன்வேயர்கள், புகைபோக்கிகள், சரக்குக் கொட்டகைகள் எல்லாம் கோயில் தூண்களுக்குரிய அமைதியுடன் அவற்றில் நிற்கின்றன. ஆள்தான் இல்லை. 1930இல் அவர் வரைந்த ‘அமெரிக்க நிலக்காட்சி’ என்னும் ஓவியத்தில் தண்டவாளத்தின் மேல் எறும்பளவில் ஒருவர் தென்படுகிறார். 1931இல் வரைந்த இன்னொன்றில் அவரும் இல்லை. ஒரு லட்சம் பேர்வரை வேலை செய்த இடம் அது. ஷீலர் இயந்திரத்தை அஞ்சவில்லை, மனமார நேசித்தார். எனினும் அந்த நேசத்திற்குள் உங்களுக்கோ உங்களோடு வேலை செய்வோருக்கோ இடமில்லை.

இரண்டாமவர் மெக்ஸிகோவின் தியேகோ ரிவேரா. கம்யூனிஸ்டான அவரை டெட்ராய்ட் கலைக்கூடத்தின் இயக்குநர் வாலன்டைனர் அழைத்தார். பணம் கொடுத்தவரோ ஃபோர்டு நிறுவனத்தின் தலைவரான எட்சல் ஃபோர்டு. ரிவேரா ரூஜ் ஆலையில் பல வாரங்கள் பார்த்து வரைபடங்கள் எடுத்துக்கொண்டு, 1932 ஜூலையிலிருந்து 1933 மார்ச் வரை கலைக்கூடத்தின் உள்முற்றச் சுவர்களில், ஈரச் சுண்ணப்பூச்சின் மேல் தீட்டும் ஃப்ரெஸ்கோ முறையில், 27 ஓவியப் பகுதிகளை முடித்தார்.

வடக்குச் சுவரில் 1932ஆம் ஆண்டின் வி-8 எஞ்சின் உருவாகிறது. மேலே உலை எரிகிறது. கன்வேயர்கள் பாம்புகளைப் போல வளைந்து சுவரெங்கும் ஓடுகின்றன. அவற்றினூடே எஞ்சின் பிளாக்குகளைத் தள்ளியும் இழுத்தும் நகர்த்துகிற ஆட்களின் உடல்கள் ஒரே தாளத்தில் சாய்கின்றன. தெற்குச் சுவரில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய பிரஸ் ஒன்றை, ஆக்கமும் அழிவும் ஒருங்கே கொண்ட அஸ்டெக் தெய்வமான கோவாட்லிக்குவேயின் சிலையை நினைவூட்டும்படி அமைத்திருக்கிறார். நீங்கள் கேட்ட நிறைவு கலைக்குள் வரவில்லை என்று இந்தச் சுவர்களைப் பார்த்த எவரும் சொல்ல முடியாது.

அதே சுவர்களில் தொப்பியணிந்த மேற்பார்வையாளர் ஒருவர் தொழிலாளரை நோட்டமிடுகிறார் (உங்கள் பதவிக்காரர்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்). நன்றாக உடுத்திய பார்வையாளர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். கீழ்விளிம்பில் ஒற்றை நிறத்தில் வரையப்பட்ட சிறு சட்டங்கள் ஒரு தொழிலாளியின் நாளைச் சொல்கின்றன: காலையில் வருகைநேரம் பதிவது, இடைவேளையில் உண்பது, கூலி வாங்கிக்கொண்டு கிளம்புவது. மனிதனும் இயந்திரமும் மட்டும் எதிரெதிரே நிற்கும் சித்திரமாக ரிவேரா இதை அமைக்கவில்லை. வேலையின் வேகத்தை வகுப்பவர் என்று மூன்றாவதாக ஒருவரை நிறுத்திவைத்தார். சாப்ளினின் 1936ஆம் ஆண்டுப் படத்தையும் இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். கன்வேயரின் வேகத்தைக் கூட்டும்படி திரையில் தோன்றி உத்தரவிடுபவர் ஆலையின் தலைவர்; இயந்திரம் தானாக எதையும் தொடங்குவதில்லை. ஆகவே ஆலையை அறியாதவர்களின் அச்சம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வேகம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி உங்கள் பவுண்டரியிலும் எழக்கூடியதே.

ரிவேராவிடம் எனக்குக் குறையும் உண்டு. அவர் டெட்ராய்ட்டுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1932 மார்ச் 7 அன்று, வேலையிழந்தவர்கள் ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது காவலர்களும் ஆலையின் பாதுகாப்பு ஆட்களும் சுட்டதில் நால்வர் இறந்தனர். அந்த நிகழ்ச்சி சுவரில் இல்லை. இந்த ஓவியங்களில் ஒன்றான, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் காட்சி கிறிஸ்துவின் பிறப்பைக் கேலி செய்வதாகக் கிளம்பிய கூச்சலுக்கு எட்சல் ஃபோர்டு பணியவில்லை என்பது பாராட்டுக்குரியது. அந்த மார்ச் மாதத் துப்பாக்கிச் சூட்டை வரைந்திருந்தால் எட்சல் என்ன செய்திருப்பார் என்ற கேள்வி ரிவேராவின் மனத்தில் எழாமல் இருந்திருக்காது என்றே கருதுகிறேன். இயந்திரத்தின் மீதான காதலும் அவர் கண்ணை ஓரளவு மறைத்தது. எல்லா இனத்தவரும் தோளோடு தோள் நின்று எஞ்சின் கட்டுவதாக அவர் காட்டுகிறார். உண்மையில் அந்த ஆலையின் கறுப்பினத் தொழிலாளர்களில் மிகப் பலர், வெப்பமும் தூசியும் மிகுந்த பவுண்டரிக்கே அனுப்பப்பட்டார்கள். பவுண்டரிக்குள் ஒரு நாள் வேலை எப்படியிருக்கும் என்பதை அறிந்த நீங்கள், அந்த ஓவியத்தின் படங்களைத் தேடிப் பார்த்து, அங்கே அவர் எதைச் சரியாகப் பிடித்தார், எதைத் தவறவிட்டார் என்று எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்