செட்டிநாட்டுப் பக்கம் பழைய தேவாலயம் உண்டா?

"செட்டிநாடு என்றாலே மாளிகையும் நகரத்தார் கோயில்களும்தான். பார்க்கத் தகுந்த பழைய தேவாலயம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறேன்.

முதலில் தேவகோட்டைக்குத் தெற்கே இருக்கும் சருகணி. அங்குள்ள திருஇருதய ஆண்டவர் ஆலயத்துக்குத் தேர் செய்து கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள் என்பது ஊர் வழக்கு. 1801-இல் தூக்கிலிடப்பட்ட அதே சிவகங்கைச் சீமை மருதுபாண்டியர்கள்தாம். தேவாலயத்துக்குத் தேரா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். இங்கே அது இயல்பு. கண்மாய் வெட்டுவதில் முனைந்து நின்ற பிரெஞ்சு யேசு சபைத் துறவி லெவே அடிகளாரின் கல்லறையும் சருகணியில்தான் இருக்கிறது. 1973-இல் மறைந்தவர். வானம் பார்த்த பூமியில் அதைவிடப் பெரிய ஊழியம் எது?

கட்டடம்தான் முக்கியம் என்றால் மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூர் போங்கள். செட்டிநாட்டு எல்லைக்கு வெளியே என்றாலும் சிவகங்கை மாவட்டம்தான். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு, பெர்டினாண்ட் செல் அடிகளார் 1894-இல் எழுப்பிய, ஐரோப்பிய கோதிக் பாணி ஆலயம் அது. செங்கல்லில் கை வைத்துப் பாருங்கள்: வளைவுக்கு ஒரு வடிவம், தூணுக்கு வேறொன்று, விளிம்புக்கு இன்னொன்று என்று தனித்தனி அச்சில் வார்த்துச் சுட்டிருக்கிறார்கள். கையால் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்த்துப் பழகிய நமக்கே அந்த வேலை மலைப்பாக இருக்கும். காலை வெயிலில் போனால் செங்கல்லின் நிறம் எடுப்பாகத் தெரியும்.