8 இன்ச் டேப்லெட்ல ஷார்ப் ஸ்கிரீனா, பேட்டரியா, எதைப் பாத்து வாங்குறது?

படிக்கத்தான் வாங்குறீங்கன்னா கண்டிப்பா ஸ்கிரீன்தாங்க. 2012ல வந்த முதல் ஐபேட் மினில இன்ச்சுக்கு 163 பிக்சல்தான் (ஸ்கிரீன்ல இருக்குற குட்டிப் புள்ளி), பொடி எழுத்துல மெய்யெழுத்துப் புள்ளி, சுழி எல்லாம் மங்கலா தெரியும். அடுத்த வருஷம் மினி 2ல 326 ஆக்குனாங்க, மொத்த பிக்சல் நாலு மடங்கு, ஆனா அதே 10 மணி நேரம் நிக்கணும்னு பேட்டரி கொள்ளளவ 16.3 வாட்-ஹவர்ல இருந்து 24 பக்கம் ஏத்த வேண்டியதாச்சு, எடையும் கூடிருச்சு. ஏன்னா இந்த மாதிரி எல்சிடி ஸ்கிரீன்ல பிக்சல் நெருங்க நெருங்க நடுவுல இருக்குற டிரான்சிஸ்டர், வயர் எல்லாம் வெளிச்சத்த மறைக்கும், அதுக்காக ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருக்குற பேக்லைட்ட கூட்டி எரிக்கணும், படத்த வரையுற சிப்பான ஜிபியுவுக்கும் வேலை ஜாஸ்தி. இன்ச்சுக்கு 300 பிக்சல் தாண்டிட்டா போதும், அதுக்கு மேல கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. வீடியோ மட்டும்னா 200 பக்கம் இருந்தாலே ஓகே, பேட்டரி பெருசா இருக்குறத எடுங்க.